யாருக்கு எத்தனை கிலோமீட்டர்?

2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் அட்டவணை வெளியானதும் பத்திரிகைகளில் ஒரு கணக்கு வந்தது. லீக் சுற்றின் பதினான்கு ஆட்டங்களையும் ஆடி முடிக்க எந்த அணி எவ்வளவு தூரம் பறக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. நம் பெங்களூர் ராயல் சேலஞ்சர்ஸ் அணிக்குச் சுமார் 17,000 கிலோமீட்டர். சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 16,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஹைதராபாத் அணிக்கோ ஏறக்குறைய 8,500தான். அதாவது பெங்களூர்க்காரர்கள் படும் அலைச்சலில் ஹைதராபாத்காரர்களுக்குப் பாதி.

அப்பா சென்னைக்கும் பிள்ளைகள் பெங்களூருக்கும் கைதட்டுகிற வீடுகள் நம்மிடையே ஏராளம். கிரிக்கெட் என்று வந்தால் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த வீடுகளில்கூட, இந்தக் கணக்கைப் பார்த்ததும் இரு தரப்பாரும் ஒன்று சேர்ந்து, "இது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை கிலோமீட்டரில் இல்லை என்பது என் கருத்து. முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் இருப்புப் பாதையோடும் கால அட்டவணையோடும் மல்லுக்கு நின்றவன் என்ற முறையில், விளையாட்டு அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்குப் பழைய நண்பரைச் சந்தித்தது போல இருக்கிறது. அந்தப் பார்வையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வருடம் என்ன நடந்தது என்று பார்ப்போம். அதிக தூரம் அலைந்த பெங்களூர் அணி, வெளியூரில் ஆடிய ஏழு லீக் ஆட்டங்களையும் வென்றது. ஐ.பி.எல். வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அப்படி வென்றதில்லை. சொந்த ஊரான சின்னசாமி ஸ்டேடியத்திலோ முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி! மே மாத மழையில் ஒரு ஆட்டம் கைவிடப்பட்டது. இன்னொன்றை லக்னோவுக்கே கொண்டுபோய் விட்டார்கள். கடைசியில் ஜூன் 3ஆம் தேதி அகமதாபாத்தில் பஞ்சாப் அணியை 6 ரன் வித்தியாசத்தில் வென்று, பதினெட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பையைக் கைப்பற்றினார்கள். மறுநாள் சின்னசாமி ஸ்டேடிய வாசலில் நெரிசலில் 11 உயிர்கள் போனதை நினைத்தால், அந்த வெற்றியைப் பற்றி உற்சாகமாக எழுதக் கை வரவில்லை.

தூரம் அதிகமானால் தோல்வி என்று சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். அதே சமயம், வென்று விட்டார்கள், ஆகவே அட்டவணை சரிதான் என்று சொல்வதும் பிசகு. கல்லும் முள்ளுமான வழியில் ஓடி ஒருவன் முதலில் வந்தால், வழி நல்ல வழி என்று ஆகிவிடாது.

தூரம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? பெரும் பகுதி பூகோளம். தேசப் படத்தை எடுத்துப் பாருங்கள். ஹைதராபாத் தக்காணத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெங்களூர், சென்னை, மும்பை மூன்றும் அதற்கு ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் வான் தூரத்தில். டில்லியும் கல்கத்தாவும் ஆயிரத்து இருநூறை ஒட்டி. பெங்களூரிலிருந்து டில்லிக்கு ஆயிரத்து எழுநூறைத் தாண்டும். சண்டிகர் என்றால் அதற்கும் மேல். தெற்கு மூலையில் இருப்பவன் அதிகம் அலைவான். இதற்கு எந்த அட்டவணைக்காரரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் பூகோளம் முழுக் காரணமும் அல்ல. ஒரு ஆட்டத்துக்கு வடக்கே போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி, மறுபடி ஒரு ஆட்டத்துக்கு வடக்கே போனால் தூரம் இரட்டிப்பாகும். டில்லி, ஜெய்ப்பூர், லக்னோ என்று ஒரே சுற்றாக முடித்துவிட்டு வந்தால் பாதியாகும். ஆனால் அப்படிச் செய்தால் சொந்த ஊர் ரசிகர்கள் இரண்டு வாரம் தங்கள் அணியையே பார்க்க மாட்டார்கள். ஸ்டேடியம் கிடைக்கும் தேதி, டி.வி. கம்பெனிக்கு வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, போலீஸ் பந்தோபஸ்து, தேர்தல், திருவிழா என்று ஆயிரம் இடைஞ்சல்கள். ஒன்றை இழுத்தால் மற்றொன்று கிழியும் பழைய வேட்டி மாதிரி.

எல்லோருக்கும் சமமான அட்டவணை என்பது கணக்கிலேயே இல்லாத பொருள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒருமுறை மோத வேண்டும், ஆக மூன்று நாள். ஒரு நாள் வீட்டில், மறுநாள் வெளியூரில், அதற்கு மறுநாள் வீட்டில் என்று மாற்றி மாற்றி வந்தால்தான் நியாயம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது முதல் அணிக்கு "வீடு, வெளி, வீடு" என்று கொடுத்து விட்டீர்கள். இரண்டாவது அணிக்கும் அதையே கொடுக்க முடியுமா? முடியாது. ஏனென்றால் இருவரும் ஒரே நாளில் வீட்டில் இருப்பார்கள், ஒரே நாளில் வெளியே போவார்கள். ஒருவரை ஒருவர் சந்திக்கவே மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு அணிக்கும் தனித்தனி வரிசை வேண்டும். மாற்றி மாற்றி வரும் வரிசையோ இரண்டுதான் உண்டு: வீட்டில் தொடங்குவது ஒன்று, வெளியில் தொடங்குவது ஒன்று. நான்கு அணி ஆனாலும் நாற்பது அணி ஆனாலும் இரண்டே இரண்டு அணிக்குத்தான் அந்த நேர்த்தியான வரிசை கிட்டும். மற்ற அத்தனை பேருக்கும் எங்காவது ஓரிடத்தில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து வெளியூரில், அல்லது தொடர்ந்து வீட்டில். இதில் தூரத்தையும் சேர்த்துக் குறைக்கப் பார்க்கிற கணக்குக்கு "ஊர் சுற்றும் போட்டிக் கணக்கு" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து 2001இல் மூன்று அமெரிக்க நிபுணர்கள் எழுதினார்கள். அணிகளின் எண்ணிக்கை பத்து பன்னிரண்டைத் தாண்டினால், இதைவிடச் சிறந்த விடை கிடையாது என்று நிரூபிப்பது இன்றைய கணினிகளுக்கே பெரும்பாடு.

ரயிலிலும் இதே கதைதான். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். இரண்டையும் நிறுத்தாமல் விடுகிற கன்ட்ரோலர் இன்னும் பிறக்கவில்லை. கேள்வி, யாராவது நிற்க வேண்டுமா என்பதல்ல. தினமும் அதே பாசஞ்சர் வண்டியையே நிறுத்துகிறோமா என்பதுதான்.

நிற்க. இந்தக் கேள்வியோடு மிக அதிக காலம் மல்லாடியவர்கள் அமெரிக்காவின் கூடைப்பந்துக்காரர்கள். நம்மில் பலருடைய மகனோ மகளோ அந்த நாட்டில் இருப்பதால் என்.பி.ஏ. என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டங்கள், 41 வீட்டில், 41 வெளியூரில். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவில் லீக் சுற்று முடிந்துவிடும். சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் வேறு.

ஆரம்ப காலத்தில் இந்த அணிகளும் ரயிலில்தான் போயின. 1940களின் கடைசியிலும் 1950களிலும் லீக் பெரும்பாலும் வடகிழக்கிலும் அதை ஒட்டிய மத்தியப் பகுதியிலும் அடங்கியிருந்ததற்கு, இரவு வண்டி ஏறினால் மறுநாள் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு காரணம். ஆறரை அடி உயர ஆட்கள் ரயில் படுக்கையில் எப்படிப் படுத்தார்கள் என்பது எனக்கு நெடுநாளைய சந்தேகம். பிறகு விமானம் வந்தது. 1960 ஜனவரியில் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணி போன சிறு விமானம் பனிப்புயலில் மின்சாரம் செயலிழந்து, அயோவா மாநிலத்தில் கரோல் என்ற ஊருக்கு அருகில் சோளக்கொல்லையில் இறங்கியது. நல்ல வேளை, ஒருவருக்கும் காயமில்லை. அதே வருடம் அந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ரயில் எட்டாத தூரத்துக்கு லீக் நீண்டது அப்போதுதான். 1980களின் பிற்பகுதியில் டெட்ராய்ட் அணி தனக்கென்று சொந்த விமானமே வாங்கியது. 1989, 1990 இரண்டு வருடமும் சாம்பியன் ஆனது. விமானத்தால்தான் ஆனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மற்ற அணிகள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சில வருடங்களில் எல்லோரும் தனி விமானத்துக்கு மாறிவிட்டார்கள்.

இந்த அட்டவணையை 2015 வரை சுமார் முப்பது வருடங்கள் மாட் வினிக் என்ற ஒரே மனிதர் போட்டு வந்தார். ரயில்வேயில் மாஸ்டர் சார்ட் என்று ஒன்று உண்டு: குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள், ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. அதைப் பென்சிலும் ரப்பரும் வைத்துப் போட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வினிக் அவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டியவர்.

அமெரிக்கர்கள் கடைசியில் பிடித்துக்கொண்ட விஷயம் தூரம் அல்ல, ஓய்வு. இன்று இரவு ஒரு ஊரில் ஆடி, நள்ளிரவில் பறந்து, நாளை இரவு இன்னொரு ஊரில் ஆடுவதை "முதுகோடு முதுகு" ஆட்டம் என்கிற பொருளில் அவர்கள் சொல்வார்கள். 2014-15 பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் சராசரியாக 19 தடவைக்கு மேல் இப்படி நேர்ந்தது. ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்ற கொடுமையும் இருந்தது. 2017-18இல் பருவத்தை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கி, ஐந்து இரவில் நான்கு ஆட்டத்தை அறவே ஒழித்தார்கள். அடுத்தடுத்த இரவு ஆட்டங்கள் சராசரி பதினான்கரைக்குள் வந்தன. போர்ட்லாண்ட், மின்னசோட்டா போல ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களின் தூரம் குறையவில்லை. ஆனால் இறங்கிய பிறகு தூங்குவதற்கு ஒரு இரவு கிடைத்தது.

இதைப் படித்தபோது ரயில்வேயின் பழைய விதி எனக்கு நினைவு வந்தது. என்ஜின் டிரைவர் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துவிட்டுத் தன் ஹெட்குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் அவருக்கு 16 மணி நேர ஓய்வு. அதே வேலை முடித்து வெளியூர் ரன்னிங் ரூமில் தங்கினால் 8 மணி நேரம். வீட்டில் ஓய்வு அதிகம், வெளியில் குறைவு. ஆனால் இரண்டுக்கும் கீழ் வரம்பு உண்டு. அவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பதைவிட, ஓட்டிய பின் எத்தனை மணி நேரம் கண்ணை மூடினார் என்பதே பயணிகளின் உயிருக்கு முக்கியம். அடுத்து, லிங்க் என்று ஒரு ஏற்பாடு. எந்த நாள் எந்த வண்டி என்று எழுதிய சுழல் பட்டியல் அது. அதில் நல்ல வண்டியும் இருக்கும், விடியற்காலை மூன்று மணி வண்டியும் இருக்கும். எல்லோரும் வரிசையாகச் சுழன்று வருவதால் மூன்று மணி வண்டி எல்லோர் தலையிலும் ஒருநாள் விழும். யாரும் சந்தோஷப்படுவதில்லை, யாரும் முறையிடவும் முடியாது.

என்.பி.ஏ.யிலும் அந்த லிங்க் இருக்கிறது. ஒரு அணி தன் பகுதியில் வேறு பிரிவுகளைச் சேர்ந்த பத்து அணிகளில் ஆறோடு நான்கு முறையும், நான்கோடு மூன்று முறையும் ஆட வேண்டியிருக்கிறது. மூன்று என்றால் ஒருவருக்கு இரண்டு வீட்டு ஆட்டம், மற்றவருக்கு ஒன்று. நியாயமில்லைதான். ஆனால் அந்த நான்கு பேர் யார் என்பது ஐந்து வருடச் சுழற்சியில் மாறிக்கொண்டே வருகிறது.

அதே நாட்டின் மகளிர் லீக்கில் நடந்தது வேறு மாதிரி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் தனி விமானத்தில் பறந்துகொண்டிருந்த காலத்திலும், டபிள்யூ.என்.பி.ஏ. என்ற மகளிர் லீக்கின் வீராங்கனைகள் நம்மைப் போல வரிசையில் நின்று, சாதாரண விமானத்தில், நடு சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் போனார்கள். 2018இல் ஸ்பெயினில் உலகக் கோப்பை இருந்ததால் பருவத்தைச் சுருக்கி ஆட்டங்களை நெருக்கிப் போட்டிருந்தார்கள். ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி வாஷிங்டனில் ஆடுவதற்காகக் கிளம்பியது. விமானம் தாமதம், ரத்து, மாற்று விமானம் என்று விமான நிலையங்களிலேயே கிடந்து, 25 மணி நேரத்துக்கு மேல் கழித்து, ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். இந்த நிலையில் ஆடினால் கை கால் போகும் என்று சொல்லி ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆட மறுத்துவிட்டார்கள். லீக் அதை அவர்களுடைய தோல்வியாகவே எழுதிக்கொண்டது. பருவம் முடிந்தபோது அடுத்த சுற்றுக்குப் போன கடைசி அணியான டல்லஸுக்கு 15 வெற்றி. ஏசஸுக்கு 14.

அந்தப் பெண்கள் ஆடியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆடாமல் போன அந்த ஒரு ஆட்டம் அவர்களுடைய கணக்கில் கடைசி வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்து நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. நியூயார்க் லிபர்ட்டி அணியின் முதலாளிகள் வசதியானவர்கள். 2021இல் தங்கள் வீராங்கனைகளைச் சத்தமில்லாமல் தனி விமானத்தில் அனுப்பி வைத்தார்கள். லீக் கண்டுபிடித்து ஐந்து லட்சம் டாலர் அபராதம் போட்டது. காரணம்? பணக்கார அணிக்கு மட்டும் அந்தச் சௌகரியம் கிடைத்தால் மற்ற அணிகளுக்கு அநியாயமாம்! விதிப்படி சரிதான். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் செருப்பு வாங்கியதும், மற்றவர்களுக்கு இல்லையே என்று அதைப் பிடுங்கி எறிவது மாதிரி எனக்குப் படுகிறது. எல்லோரும் ஒரே அளவு துன்பப்படுவது சமத்துவமாக இருக்கலாம். நியாயம் என்று அதைச் சொல்ல என் வாய் வரவில்லை. 2024இல்தான் லீக் தன் செலவிலேயே எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது. இரண்டு வருடத்துக்கு ஐந்து கோடி டாலர் செலவாகும் என்று சொன்னார்கள். புதிதாக வந்த கெய்ட்லின் கிளார்க் என்ற பெண்ணைப் பார்க்கக் கூட்டம் அலைமோதிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் இந்த விவகாரத்தில் கிரிக்கெட்டைவிட அதிகம் அடிபட்டது கபடிதான். புரோ கபடி லீக்கில் அப்போது ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து போனார்கள், நாடகக் கம்பெனி மாதிரி. ஒரு வாரம் ஒரு ஊர். அந்த வாரம் அந்த ஊர் அணிக்குத்தான் வீட்டு ஆட்டங்கள். 2017இல் பெங்களூர் புல்ஸ் அணிக்குக் கண்டீரவா உள்ளரங்கம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் தங்கள் "வீட்டு" ஆட்டங்களை நாக்பூரில் ஆடினார்கள்! அந்த வருடம் பிளே ஆஃப் சுற்றுக்குள் வரவில்லை. அடுத்த வருடமும் அதே கதை. இந்த முறை புனே. ஆனால் அந்தப் பருவத்தில் 2019 ஜனவரி 5ஆம் தேதி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் குஜராத்தை 38-33 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். பவன் செஹ்ராவத் தனி ஆளாக 22 புள்ளி எடுத்தார். சொந்த ஊரில் ஒரு இரவுகூட ஆடாமல் பெங்களூரின் பெயரில் வந்த கோப்பை அது.

வேடிக்கை என்னவென்றால், 2017 ஜூலையில்தான் மகளிர் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்து இதே பெங்களூரில் நடந்தது. இரண்டாம் பிரிவில் நம் இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று, இரண்டே புள்ளியில் வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் சத்தம் இரண்டு புள்ளிகூடப் பெறாது என்று யாராவது சொல்வார்களா? அடுத்த வாரமே பெங்களூரின் கபடி அணி நாக்பூருக்கு மூட்டை கட்டியது.

அமெரிக்காவிலும் அரங்கம் கிடைக்காமல் போவது உண்டு. டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை 2003 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அரங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். எதற்குத் தெரியுமா? மாட்டுக் கண்காட்சிக்கும், முரட்டுக் காளைமேல் ஏறி உட்காரும் போட்டிக்கும்! ஜல்லிக்கட்டு நடத்தும் ஊரிலிருந்து வந்த நமக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்த நாட்களில் ஸ்பர்ஸ் அணி ஊர் ஊராக நீண்ட பயணம் போகும். ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த ஏற்பாடு. விட்டுப்போன வீட்டு ஆட்டங்களை மற்ற மாதங்களில் ஈடுகட்டி விடுவார்கள். பெங்களூர் ரசிகனுக்கு அந்த இரண்டு பருவத்திலும் ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டில் ஆடுவது எப்போதும் வரம் என்றும் நினைக்க வேண்டாம். அந்த நாடகக் கம்பெனி முறையில், விருந்து கொடுக்கிற அணிதான் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் பாய்மேல் இறங்க வேண்டும். வந்த விருந்தாளிகள் ஒன்றிரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஓய்வெடுப்பார்கள். பயணம் இல்லை, ஆனால் தூக்கமும் இல்லை. ஹெட்குவார்ட்டர்ஸில் ஓய்வில்லாத டிரைவரை எந்த ரயில்வே ஒப்புக்கொள்ளும்?

பயணமே இல்லாத பருவம் ஒன்றையும் நம் ஊர் பார்த்தது. கொரோனா காலத்தில், 2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை, பன்னிரண்டு கபடி அணிகளும் ஒயிட்ஃபீல்டில் ஒரே ஓட்டலில் தங்கி, அங்கேயே ஆடின. எல்லோருக்கும் சமமான தூரம்: பூஜ்யம். எல்லோருக்கும் சமமான ரசிகர்கள்: அதுவும் பூஜ்யம். நம் புல்ஸ் அரையிறுதியோடு நின்றது.

சென்னை அணியின் 2018ஆம் வருடக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பி வந்த அணி ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. காவிரிப் போராட்டம் காரணமாக மற்ற வீட்டு ஆட்டங்கள் புனேக்குப் போயின. காவிரி பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. பெங்களூரில் வாழும் நமக்கு அதன் கனம் தெரியும். எனக்குப் பிடித்தது அதன் பிறகு நடந்ததுதான். ஏப்ரல் 19ஆம் தேதி சென்னை சென்ட்ரலிலிருந்து "விசில் போடு எக்ஸ்பிரஸ்" என்று ஒரு ஸ்பெஷல் ரயில் மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு புனேக்குப் போனது. வீடு ரசிகர்களிடம் வர முடியாவிட்டால் ரசிகர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். புனேயில் ஆடிய ஆறில் ஐந்தை வென்று, அந்த வருடம் கோப்பையையும் வாங்கினார்கள். அந்த ரயிலுக்குப் பாதை கொடுக்க எத்தனை பாசஞ்சர் வண்டி லூப்பில் நின்றதோ, அது வேறு கதை.

2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தில் தர்மசாலா ஆட்டம் பாதியில் நின்றபோதும், வான்வழி மூடப்பட்டிருந்த நிலையில், பஞ்சாப், டில்லி அணிகளை ஜலந்தரிலிருந்து டில்லிக்கு ஒரு ஸ்பெஷல் வந்தே பாரத்தில்தான் கொண்டு வந்தார்கள். விமானம் கைவிட்ட இடத்தில் தண்டவாளம் கைகொடுத்தது என்று எழுத ஒரு பழைய ரயில்வேக்காரனுக்கு உரிமை உண்டல்லவா?

இவ்வளவு சொல்லிவிட்டு நம் நாட்டுக் கூடைப்பந்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? இந்தியாவில் கூடைப்பந்துக்கு நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். மகளிர் பிரிவில் இந்தியன் ரயில்வே அணி எத்தனையோ முறை தேசிய சாம்பியன். ஆனால் வீடு, வெளியூர் என்று மாறி மாறி ஆடும் லீக் மட்டும் வேர் பிடிக்கவில்லை. 2015இல் தொடங்கி இரண்டு மூன்று வருடம் நடந்த ஒரு லீக்கில் பெங்களூர் பீஸ்ட், சென்னை ஸ்லாம் என்ற பெயர்கள் இருந்தன. 2022இல் தொடங்கிய இன்னொன்றில் பெங்களூர் கிங்ஸ், சென்னை ஹீட், கொச்சி டைகர்ஸ். எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி, சில நாள் ஆடி, கலைந்து போயின. செலவு குறைவு, அலைச்சல் சமம். ஆனால் ஊர்ப் பெயர் சட்டையில் மட்டும்தான். சொந்த ஊரில் ஆடாத அணிக்கு அந்த ஊர்ப் பையன் எதற்காகத் தொண்டை கிழியக் கத்துவான்? மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் விடியற்காலையில் பந்து தட்டும் பிள்ளைகள் அமெரிக்க அணிகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. தெற்கே பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர், கொச்சி, ஹைதராபாத் என்று ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கு இன்றைக்கும் கூட்டம் சேர்கிறது. பெங்களூர்-சென்னை ரயிலில் சுமார் 360 கிலோமீட்டர், பெங்களூர்-கோவை 380ஐ ஒட்டி, கோவை-எர்ணாகுளம் 200க்கும் குறைவு. ஹைதராபாத் மட்டும் கொஞ்சம் நீளம், என்றாலும் ஒரே இரவுப் பயணம். சென்னைக்கு 2022 நவம்பரிலிருந்தும் கோவைக்கு 2023 டிசம்பரிலிருந்தும் வந்தே பாரத் ஓடத் தொடங்கியதால் பகலிலும் போகலாம். ஐந்து அணி என்றால் எந்த நாளும் ஒரு அணிக்கு ஓய்வு தானாகவே கிடைக்கும். ஒற்றைப்படை எண்ணில் அந்த ஒரு வசதி உண்டு. வெளியூர் போய் வந்த அணிக்கு அடுத்த ஆட்டத்துக்குள் ஒரு முழு இரவு வீட்டில் என்று விதி வைக்கலாம். எந்த அணிக்கு எத்தனை மணி நேர ஓய்வு என்று அட்டவணையின் கடைசிப் பத்தியில் அச்சடித்து வெளியிட வேண்டும், கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே. குறையிருந்தால் எல்லோருக்கும் தெரியட்டும். அடுத்த வருடம் அந்தக் குறை வேறொரு அணிக்குப் போகட்டும்.

கண்டீரவாவில் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடியும். குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சிட்டி ஸ்டேஷன் போனால் சென்னை மெயிலைப் பிடிக்கலாம். ஒரே ஒரு சிக்கல்தான். என்.பி.ஏ. அணி ஒன்று 2015இல் தேர்ந்தெடுத்த முதல் இந்தியரான சத்னாம் சிங்கின் உயரம் 7 அடி 2 அங்குலம். நம் பெர்த்தின் நீளம் ஆறு அடிதான். கால் நீட்டிய பக்கத்தில் நடைபாதையில் டீக்காரர் எப்படிப் போவார் என்பதைக் கோச் கட்டும் பெரம்பூர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.